ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், கொழுப்பை ஏன் கேட்பதில்லை?



எங்கள் தெம்பனிஸ் வட்டாரத்தில் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் அவ்வப்போது மேசை போட்டு ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். நல்ல சேவைதான், தொண்டூழியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால், ரத்தக் கொழுப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஆளை அனுப்பிவிடுவதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு முகாமில் என் கணவர் கை நீட்டி உட்கார்ந்தார். கருவி 128/82 காட்டியது. “பிரச்சினை இல்லை அங்கிள்” என்று சொல்லி, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டினார். ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் அதைத்தான் காட்டுவார். சென்ற மாதம் தலைசுற்றி மருந்தகத்துக்குப் போனோம். அழுத்தம் 164/100. கெட்ட கொழுப்பு 4.9, 4.1 தொட்டாலே அதிகமாம். பல வருஷமாகவே ஏறியிருக்கும் என்றார் மருத்துவர்.

ரத்த அழுத்தமும் கொழுப்பும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால், கொழுப்பு ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கும்போது, குழாய் விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. விறைத்த குழாயில் அழுத்தம் கூடுகிறது. அமெரிக்காவில் உயர் ரத்த அழுத்தம் இல்லாத 3,110 ஆண் மருத்துவர்களைச் சுமார் 14 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2006ல் வெளிவந்தது. மொத்தக் கொழுப்பு மிகக் குறைவாக இருந்த பிரிவினரைவிட, மிக அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் உயர் ரத்த அழுத்தம் வரும் அபாயம் 23 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நல்ல கொழுப்பு மிகுந்தவர்களுக்கோ 32 விழுக்காடு குறைவு. கொழுப்பு ஒன்றே காரணம் என்று இது சொல்லவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கும் அறிகுறி என்று சொல்கிறது. அது போதாதா?

2021-22 தேசியக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 74 வயதுடைய சிங்கப்பூர்வாசிகளில் 37 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம்; ஏறக்குறைய 32 விழுக்காட்டினருக்கு மிகை ரத்தக் கொழுப்பு. உப்பைக் குறைத்தால் போதும் என்று நம்பி, நெய் வழியும் பரோட்டாவையும் தேங்காய்ப்பால் குழம்பையும் தொடரும் நம் வீடுகளுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?

40 வயதைத் தாண்டினால் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளும்படி பரிந்துரைக்கப்படுகிறது. அரசாங்கத்தின் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்கு அது இலவசம். இவ்வளவு வசதி இருந்தும், கீழ்த்தள மேசைக்கு வருபவர் அதை அறியாமலே வீடு திரும்புகிறார்.

முகாம் நடத்துவோரிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. “கடைசியாகக் கொழுப்பு எப்போது பார்த்தீர்கள்?” என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். பார்க்காதவருக்கு அங்கேயே மருந்தகத்தில் நாள் குறித்துக் கொடுங்கள். அழுத்தம் சரியாக இருந்தாலும் கொழுப்பைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சீட்டிலேயே தமிழிலும் அச்சிடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால், என் கணவரிடம் அதையே காட்டி அன்றே அழைத்துப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
வாசகி, தெம்பனிஸ்