ஆற்று முத்துக்கு வந்த ஆபத்து: தடை மட்டும் போதுமா?

முத்து என்றாலே கடல்தான் நினைவுக்கு வரும். ஆனால், ஸ்காட்லாந்திலும் ஜெர்மனியிலும் பல நூற்றாண்டுகளாக ஆறுகளில் முத்து எடுத்தார்கள். ஜூலியஸ் சீசர் பிரிட்டன் மீது படையெடுத்ததற்கு முத்து ஆசையும் ஒரு காரணம் என்று பேசப்பட்டதை ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ் பதிவு செய்திருக்கிறார்.

எப்படி எடுத்தார்கள்?

அடியில் கண்ணாடி பொருத்திய வாளியைத் தண்ணீரில் அழுத்தி, ஆற்றின் தரையைப் பார்ப்பார்கள். நுனி பிளந்த நீளக் குச்சியால் சிப்பியைக் கவ்வி எடுப்பார்கள். பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இருக்காது. ஆனாலும், திறந்து பார்த்த சிப்பிகள் கரையில் குவியலாகச் செத்துக் கிடக்கும்.

எல்லோரும் அப்படி இல்லை. ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் 1621-ல் முத்தெடுப்பு ஆட்சியாளரின் தனி உரிமையானது. அங்கே சிப்பியை லேசாகத் திறந்து பார்த்துவிட்டு, முத்து இல்லையென்றால் ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் இருந்தது. ஸ்காட்லாந்திலும் அனுபவசாலிகள் சிலர் இதையே செய்தார்கள். அங்குள்ள டே ஆற்றில் 1967-ல் பில் அபர்நெதி எடுத்த பெரிய முத்து இன்றும் பிரபலம்.

ஏன் மீள முடியவில்லை?

இந்தச் சிப்பி 100 ஆண்டுகளுக்கு மேல் வாழும். இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் குஞ்சுகள் சால்மன் அல்லது ட்ரௌட் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில மாதங்கள் வளர வேண்டும். பிறகு சுத்தமான சரளைக்கல்லுக்குள் சில ஆண்டுகள் புதைந்திருக்க வேண்டும். மீன் குறைந்தாலோ, சரளையில் சேறு படிந்தாலோ கதை முடிஞ்சது. பல ஆறுகளில் இன்று வயதான சிப்பிகள் மட்டுமே மிச்சம், குஞ்சுகளே இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

பிரிட்டன் 1998-ல் முத்தெடுப்புக்கு முழுத் தடை போட்டது. திருட்டு இன்னும் நிற்கவில்லை என்பதால் கண்காணிப்பு கட்டாயம் தேவை. ஆனா, அது மட்டும் போதாது. கவனமாக முத்தெடுத்த சாக்சனியிலேயே இந்த இனம் இப்போது அழிவின் விளிம்பில் இருக்கிறது. கழிவுநீர், வயலில் இருந்து வரும் உரம், மண் என எல்லாம் ஆற்றில் கலந்ததன் விளைவு அது. கரையோரம் மரம் வளர்ப்பது, மீன் வரும் பாதையைத் திறந்துவிடுவது, உரத்தைக் கட்டுப்படுத்துவது போன்ற வேலைகளுக்கும் அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும். ஒரு சிப்பி தினமும் 50 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டும். அதைக் காப்பாற்றச் செய்யும் செலவு ஆற்றுக்கான செலவும்தான்.