புதுப்பிக்க மறுக்கும் காவலன்

வெளிநாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் அனுப்பிய மேக் கணினிகள் நம் பங்குக் குடும்பங்கள் சிலவற்றில் இன்று இடம்பெற்றுள்ளன. அவற்றிலுள்ள வைரஸ் தடுப்பு மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது நின்றுவிடும்போது, பெற்றோர் சிலர் கலங்குகின்றனர்; "மேக் கணினியை வைரஸ் தீண்டாது" என்று வேறு சிலர் வாளாவிருக்கின்றனர். பின்னவர் கூற்று உண்மையன்று. 2012-ஆம் ஆண்டில் பிளாஷ்பேக் என்னும் தீய நிரல் ஏறத்தாழ 6 இலட்சம் மேக் கணினிகளில் புகுந்தது. அது நுழைந்த ஜாவா ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை ஆரக்கிள் நிறுவனம் பிப்ரவரியிலேயே வெளியிட்டிருந்தும், ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளுக்கு அதனை ஏப்ரலில்தான் வழங்கியது. அந்த இடைவெளியே கள்வனுக்கு வாசலாயிற்று.

புதுப்பித்தல் நின்றுபோனால் முதலில் கணினியின் நாளையும் நேரத்தையும் நோக்குக. இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். நெடுநாள் மின்னூட்டமின்றிக் கிடந்த கணினியில் ஆண்டே மாறிப்போவதுண்டு. இணையத்தில் மறுமுனையிலுள்ளவர் இன்னாரென உறுதிசெய்யும் சான்றிதழுக்குக் காலவரை உண்டு. நாள் பிழையாயின், உண்மையான நிறுவனத்தையே கணினி ஐயுற்று இணைப்பைத் துண்டித்துவிடும்.

அடுத்தது அனுமதி. தடுப்பு மென்பொருள் கோப்புகளை ஆராய, உரிமையாளர் வெளிப்படையாக இசைவு தரவேண்டும் என்பது ஆப்பிளின் விதி. சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில், ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் என்பதன்கீழ் அம்மென்பொருளின் பெயர் இயக்கப்பட்டிருத்தல் வேண்டும். நிறுவும்போது எழுந்த கேள்வியை அவசரத்தில் மூடிவிட்ட வீடுகளில் இக்குறை மிகுதி.

இரண்டு தடுப்பு மென்பொருள்களை ஒருங்கே வைத்திருப்பதும் தொல்லையே. ஒன்றை நீக்குக, குப்பைக்கூடையில் இழுத்துப்போட்டால் மட்டும் அது முழுதும் நீங்காது, அந்நிறுவனம் தரும் நீக்கும் கருவியையே பயன்படுத்துக. கணினியின் இயங்குதளம் மிகப் பழையதாயின் நிறுவனங்கள் அதற்குப் புதிய பதிப்புகள் தருவதை நிறுத்திவிடும். அப்போது சந்தாவைப் புதுப்பித்தும் பயனில்லை.

இவற்றினும் கொடியதொன்று உண்டு. "உங்கள் பாதுகாப்பு காலாவதியாயிற்று, உடனே இங்கே அழுத்துக" என்று இணையப் பக்கத்தில் தோன்றும் அறிவிப்பை மென்பொருளின் குரலென்று நம்பிவிடுவோர் பலர். 2011-இல் மேக் டிஃபெண்டர் என்றொரு போலிக் காவலன் இவ்வாறே வந்தது. இல்லாத வைரஸைக் காட்டி அச்சுறுத்தி, மானத்திற்கு அஞ்சும் குடும்பத்தார் நடுங்குமாறு ஆபாசப் பக்கங்களைத் தானே திறந்து, கடனட்டை எண்ணைக் கேட்டது. ஓநாய் ஆட்டுத்தோலை மட்டுமா போர்த்தும்? காவலன் உடையையும் அணியும். எனவே இணைய உலாவியில் தோன்றும் எந்த எண்ணுக்கும் தொலைபேசியில் அழைக்காதீர்; பணம் செலுத்தாதீர். உலாவியை மூடிவிட்டு, மென்பொருளை நீங்களே திறந்து, அது கூறுவதைப் படியுங்கள். தனித்திருக்கும் முதியோருக்கு இதனைப் பிள்ளைகள் பொறுமையோடு சொல்லிவைத்தல் நலம். பணத்தை இழந்த பின்னர்க் கடிந்துகொள்வதால் முதியோர் அடுத்தமுறை மறைக்கவே கற்பர்.

வாங்கிய மென்பொருள் சீர்படும்வரை கணினி முற்றும் காவலற்றுக் கிடப்பதில்லை. எக்ஸ்புரொடெக்ட் என்னும் காவல் 2009 முதல் மேக் இயங்குதளத்திலேயே அமைந்துள்ளது. சாஃப்ட்வேர் அப்டேட் பகுதியில், பாதுகாப்புக் கோப்புகளைத் தானாக நிறுவும் வாய்ப்பு அணைக்கப்பட்டிருப்பின் அதனை இன்றே இயக்கிவிடுக.