காத்திருத்தலும் அடைபட்டிருத்தலும்

சீனக்குடாவிலே கோதுமை ஏற்றிவந்த கப்பலொன்று நின்றால், அந்த நிற்றலுக்கும் ஒரு கணக்கு உண்டு. சரக்கை இறக்குதற்கு இத்தனை நாள், இத்தனை மணி என ஒப்பந்தத்திலே முன்னரே எழுதியிருப்பார்கள். அவ்வெல்லை கடந்ததும், கப்பலை அமர்த்தியவர் கப்பற்காரருக்கு நாளொன்றுக்கு இன்ன தொகையென இறுத்தாக வேண்டும். துறைமுகத்தார் இதனை டெமரேஜ் என்பர். என்னிடம் நன்னூல் பாடங்கேட்ட மாணாக்கர் ஒருவர் இன்று கப்பல் முகவர் அலுவலகமொன்றில் எழுதுவினைஞராய் இருக்கிறார். எல்லை கடந்தபின், ஞாயிறும் பெருநாளும் கூடப் பெரும்பாலும் அக்கணக்கை நிறுத்தமாட்டா என்று எனக்குச் சொன்னவர் அவரே.

கோதுமைக்கு உள்ள இந்நீதி மனிதருக்கும் உண்டோ என்னும் ஐயம் எனக்கு எழுந்தது துறைமுகத்திலன்று. ஆகாய விமானமொன்றின் உள்ளே.

சென்ற ஆண்டு கடல் கடந்து ஒரு தமிழ் விழாவுக்குச் சென்று மீண்டேன். மாலையில் விமானத்தில் ஏறி அமர்ந்தோம். கதவு அடைத்தார்கள். விமானம் சிறிது தூரம் ஊர்ந்து நின்றது, நின்றது நின்றதுதான். ஏறக்குறைய நான்கு மணி நேரம் நாங்கள் நிலத்திலேயே இருந்தோம். இயந்திரம் ஓயவே குளிர்காற்றும் ஓய்ந்தது. அறிவிப்புக்கள் ஆங்கிலத்தில் வந்தன. அவற்றிலும் “சிறிது நேரத்தில்” என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. எனக்கு அருகே மூதூர்ப் பக்கத்து மூதாட்டியார் ஒருவர். நீரிழிவு உள்ளவர். மலசலகூடம் போக எழுந்தவரை இருமுறை அமர்த்திவிட்டார்கள். மூன்றாம் முறை அவர் எழவில்லை, என் பக்கம் திரும்பி, “தம்பி, நாங்கள் என்ன குற்றம் செய்தனாங்கள்?” என்று மெல்லக் கேட்டார். இலக்கண நூல்களுக்கு உரை சொல்லிப் பழகிய எனக்கு அவ்வினாவுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. “பொறுங்கோ ஆச்சி” என்றேன். அதைச் சொன்னதற்காக இன்றும் நாணுகிறேன்.

தாமதம் நமக்குப் புதிதன்று. கிண்ணியாவில் 2009 இற் பாலம் திறக்கப்படுமுன், பாதைக்காகத் துறையிலே காத்துக்கிடந்த தலைமுறையினர் நாம். (வெளியூர் வாசகர்க்கு ஒரு சொல்: வாகனமும் மக்களும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையை எம்மவர் பாதை என்பர்.) அங்கே பேருந்தை விட்டு இறங்கலாம், தேநீர் குடிக்கலாம், மரநிழலில் அரசியல் பேசலாம், பொறுமை போனால் திரும்பி வீட்டுக்கே நடக்கலாம். முல்லைக்கு உரிப்பொருளாக நம் முன்னோர் வைத்த இருத்தலும் இவ்வகையதே. தலைவி வாயிலை நோக்கி இருந்தாளேயன்றி, வாயிலைப் பிறர் பூட்ட உள்ளே கிடந்தாளல்லள். விமானத்தில் நேர்வது காத்திருத்தலன்று, அடைபட்டிருத்தல். ஆதலின் கேள்வி கடிகாரத்தைப் பற்றியது மட்டுமன்று, கதவைப் பற்றியது.

இவ்வேறுபாட்டை உலகம் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. 1999 ஜனவரியில் டெட்ராய்ட் நகரிற் பனிப்புயலின்போது ஆயிரக்கணக்கானோர் நின்ற விமானங்களுள் மணிக்கணக்காக அடைபட்டனர். 2007 பெப்ரவரியில் நியூயோர்க்கிலும் அதுவே நிகழ்ந்தது. எனினும் என் நெஞ்சில் தைத்தது இவற்றினும் சிறியதொரு நிகழ்ச்சி. 2009 ஓகஸ்ட் 8 ஆம் நாள், ஹூஸ்டனிலிருந்து புறப்பட்ட சிறு விமானமொன்று இடிமழையால் திசைமாறி, மினசோட்டா மாநிலத்து றொச்செஸ்டரில் நள்ளிரவின்பின் இறங்கியது. பிரயாணிகள் 47 பேர். நிலையக் கட்டடம் கூப்பிடு தொலைவில். ஆயினும் விடியும்வரை, ஏறக்குறைய ஆறு மணி நேரம், அவர்களை இறங்க விட்டாரில்லை. இறக்கும்படி விமானி கேட்டும், சோதனை செய்வோர் வீடு சென்றுவிட்டனர் என்பதே அங்கிருந்தோர் கூறிய காரணம். அவ்வாண்டு நவம்பரிலே அந்நாட்டு அரசு மூன்று கம்பனிகளுக்கு மொத்தம் 1,75,000 டொலர் தண்டம் விதித்தது.

அதன் பின்னரே, 2010 ஏப்ரல் 29 முதல், அமெரிக்காவில் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டு விமானமாயின் மூன்று மணிக்குள் பிரயாணிகள் இறங்க வாய்ப்பளித்தல் வேண்டும். இரண்டு மணிக்குள் உணவும் நீரும் தரல் வேண்டும். மலசலகூடம் இயங்கல் வேண்டும். மீறினால் ஒரு பிரயாணிக்கு 27,500 டொலர் வரை தண்டம் என 2010 இல் வகுத்திருந்தனர். அடுத்த ஆண்டு வெளிநாட்டு விமானங்களுக்கும் நான்கு மணி என்னும் எல்லை வகுத்தனர். பாதுகாப்புக்கு இடர் என்று விமானி கருதினாலன்றி, அல்லது இறக்கினால் நிலையத்தின் இயக்கமே குலையும் என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னாலன்றி, விலக்கு இல்லை.

இதனால் தீங்கே இல்லையோ எனின், உண்டு. தண்டத்துக்கு அஞ்சி விமானத்தை அடியோடு இரத்துச் செய்யும் போக்கு மிகுந்தது என்று அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகமே 2011 இற் கண்டது. கொழும்பில் மறுநாட் காலை சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவன், ஐந்து மணி அடைபட்டாவது போய்ச்சேரவே விரும்புவான். அவனை நான் மறுக்கேன். ஆயினும் விதி எவரையும் இறங்கு என்று தள்ளவில்லை. இறங்க விரும்புவோர்க்கு வழி விடு என்றே சொல்கிறது.

அயலிலே பாரதத்தில் 2024 ஜனவரி 14 இற் கோவாவிலிருந்து டில்லி நோக்கிய விமானம் மூடுபனியால் மும்பைக்குத் திரும்பியது. நெடுநேரம் அலைக்கழிந்த பிரயாணிகள் இறங்கி, விமானத்தின் அருகே தரையிலேயே அமர்ந்து உணவு உண்டனர். படம் நாடெங்கும் பரவிற்று. இண்டிகோ கம்பனிக்கு ஒரு கோடியே இருபது இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது யார்? வான்போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம். அத்தண்டம் பிரயாணிகள் பட்ட அலைச்சலுக்காக அன்று. அவர்கள் நிற்கத்தகாத இடத்தில் நின்றதற்காக! ஆயினும் அப்பணியகமே 2024 மார்ச்சில், ஏறியபின் நெடுந்தாமதம் நேரின் பிரயாணிகளை மீண்டும் நிலையத்துக்குள் இறக்கலாம் என வழி வகுத்தது. அதுவரை, ஏறியவர் இறங்கினால் சோதனை முழுவதையும் மறுபடி செய்யவேண்டுமே என்னும் தொல்லையன்றோ கதவைப் பூட்டி வைத்தது!

நம் நாட்டின் அனுபவமும் சிறிதன்று. 2022 இல் விமான எண்ணெய் அருகியபோது, கட்டுநாயக்காவிலிருந்து எழுந்த நெடுந்தூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிச் சென்றன. இத்துணை எண்ணெய்க் குதங்கள் சூழ வாழும் எம்மூரார்க்கு அச்செய்தி சற்றுக் கசப்பான நகைச்சுவையாக இருந்தது.

தாமதத்தால் விளையும் நட்டத்துக்குப் பரிகாரம் கூறும் உறுப்புரை 1999 இன் மொன்றியல் உடன்படிக்கையில் உண்டு, 19 ஆவது. அறிஞர் சிலர் அதுவே போதும் என்கின்றனர். ஆச்சி தம் நட்டத்தை எந்த நீதிமன்றில் எவ்வாறு நிறுவுவார்? தண்ணீர் கேட்கக் கூசியிருந்ததற்கு விலைச்சீட்டு உண்டோ? நட்டத்தை நிறுவும் சுமையைப் பிரயாணிமேல் ஏற்றாது, எல்லை கடந்தவுடன் கணக்கைத் தானே ஓடவிடுவது துறைமுகத்து முறை. அம்முறையையே நான் வேண்டுகிறேன். அவ்வெல்லை மணிக்கணக்கில் வரையறுக்கப்படல் வேண்டும். பயணச்சீட்டிலே தமிழிலும் சிங்களத்திலும் அச்சாதல் வேண்டும். விமானத்தினுள்ளும் அவ்விரு மொழிகளில் அறிவித்தல் வேண்டும். தன் உரிமை இன்னது என்று விளங்காதவனுக்கு அவ்வுரிமை இருந்தென்ன?

தமிழிலே காத்தல் என்பதும் காத்திருத்தல் என்பதும் ஒரே வினையடியிற் பிறந்தவை. அன்றிரவு எம்மைக் காக்கவேண்டியவரும் உள்ளேதான் இருந்தனர். அந்த இளம் பணிப்பெண்களும் எம்மைப்போலவே அடைபட்டவரே. அவர்களை நான் நொந்துகொள்ளவில்லை. கதவைத் திறக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை.

நள்ளிரவுக்குப் பின் கட்டுநாயக்காவில் இறங்கினோம். ஆச்சி முதலிற் கேட்டது தம் பெட்டியை அன்று. மலசலகூடம் எந்தப் பக்கம் என்பதை.