எழுதாத நிபந்தனையும் எழுதிய நிபந்தனையும்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலைப் பக்கம் வீட்டு மனை பார்த்தார், நமக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர். விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். மறுநாள் தரகர் கேட்டது ஒரே கேள்விதான்: "சார், சொந்த ஊர்ல நீங்க எந்தத் தெரு?" தெருவைச் சொன்னார். மூன்றாம் நாள் முன்பணம் திரும்பி வந்தது. "தப்பா நெனச்சிராதீங்க சார், முன்னாடி மனை வாங்குனவங்க பேசி வச்சிருக்காங்க." என்ன பேசி வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

அந்த மனைப்பிரிவின் பத்திரம் ஒன்றை வாங்கிப் பார்த்தோம். சாதி பற்றி ஒரு வரி இல்லை. எப்படி இருக்கும்? 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் நம் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த கடைக்காரர் சொன்ன 'ஊர்க் கட்டுப்பாடு' எந்தத் தாளில் இருந்தது? அது காணொளியாக வெளியே வந்ததால் கடைக்குச் சீல் வைத்தார்கள், கைதும் நடந்தது. மனை மறுக்கப்படும்போது காணொளி எடுக்க யார் இருக்கிறார்கள்?

எழுதி வைத்தால் மட்டும் சட்டம் நம் பக்கம் நின்றுவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அகமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதி வைத்திருந்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பட்டியலிடும் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவில் வீடு என்ற சொல் இல்லை. அமெரிக்காவிலோ, கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை நிறைவேற்ற நீதிமன்றங்கள் துணைபோகக் கூடாது என்று 1948-லேயே தீர்ப்பு வந்தது; 1968-இல் தனிச் சட்டமும் வந்தது. இங்கே 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால், "மனை வேறொருத்தருக்குப் பேசி முடிஞ்சிட்டு" என்று ஒரு பொய் சொன்னால் போதும், அதை மெய்ப்பிக்கும் பாடு நம் தலையில்.

நமக்குச் சாதகமாக எழுதி வைத்த நிபந்தனை ஒன்றும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் சென்னை மாகாண அரசு போட்ட ஆணைப்படி நம் முன்னோருக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் அது. வருவாய்த் துறையினர் டி.சி. நிலம் என்பார்கள். முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். அரசாங்கமே எழுதிய இந்த நிபந்தனையை மதிக்கச் சொல்லித்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். எழுதாத கட்டுப்பாடு மூன்றே நாளில் நிறைவேறுகிறது. எழுதியது நூற்று முப்பது ஆண்டுகள் தாண்டியும் கிடப்பில் கிடக்கிறது. நமக்கு மனை இல்லை என்கிற இடமே ஒரு காலத்தில் நம் பேரில் இருந்த நிலமாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே மனை வாங்கப் போகும் நம்மவர்கள் வில்லங்கச் சான்றைப் பார்த்ததோடு நின்றுவிட வேண்டாம். அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும். ஒப்படை நிபந்தனையைத் தேட வேண்டிய இடம் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு (யு.டி.ஆர்.) முந்தைய 'அ' பதிவேடு, வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் அங்கே சென்னை மாகாண ஆணையைத் தேடிப் பயனில்லை.

ஆசிரியர் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார். அந்த மனைப்பிரிவின் சர்வே எண்களுக்குப் பழைய பதிவேட்டு நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட்டிருக்கிறோம். மாவட்டத்திலுள்ள டி.சி. நிலங்களைக் கிராம வாரியாக வெளியிடக் கோரும் மனுவோடு வரும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் போகிறோம். ஆசிரியரும் வருகிறார்.