வினவுமுன் எண்ணுக

இற்றைநாள் மாணவர் கையிலுள்ள தொலைபேசி, கேட்ட கணத்திலேயே விடை தருகின்றது. இதனைக் கண்டு வியப்போர் பலர், அஞ்சுவோர் சிலர். யானோ விடையைப் பற்றிக் கவலுறேன். வினாவைப் பற்றியே கவலுறுகின்றேன்.

1983ஆம் ஆண்டில் இலண்டனில் வசித்த காலை, ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணினி ஒன்றை வாங்கினேன். சின்கிளேயர் நிறுவனத்தார் அதனை 1982இல் வெளியிட்டபோது, 48 கிலோபைற் நினைவகமுடைய கணினியின் விலை 175 பவுண். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரை; பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவே அதற்கு ஏடு. ஆணையில் ஓர் எழுத்துப் பிழைப்பினும் அது பணியாது. பிழை தன்னுடையதே என ஒப்புக்கொள்ளும் அடக்கத்தை அவ்வியந்திரம் எனக்குக் கற்பித்தது.

பின்னர், கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடம் என்னும் கருவியையும் பெற்றேன். அதன்வழி, பிரித்தானியத் தபால் நிறுவனம் 1979இல் தொடக்கிய பிரெஸ்ரெல் என்னும் செய்திச் சேவையை எட்டலாயிற்று. ஒரு வரிக்கு 40 எழுத்தாக 24 வரி கொண்ட பக்கமொன்று திரையில் நிரம்ப ஏறத்தாழ 8 செக்கன் செல்லும். தொலைபேசிக் கட்டணமோ நேரத்தோடு ஏறிக்கொண்டேயிருக்கும். ஆதலின், வேண்டுவது யாதென முன்னரே தாளில் எழுதிக்கொண்ட பின்னரே எண்ணைச் சுழற்றுவேன். சில நாள்களில், எழுதி முடித்த அளவிலேயே விடை புலப்பட்டுவிடும். தொலைபேசியைத் தொடவேண்டிய தேவையே எழாது.

அவ்வறுமை மீண்டும் வருதல் வேண்டும் என்பேனல்லேன். அந்நாளில் அக்கருவி பொருள் படைத்தார் சிலர்க்கே கிட்டியது. இன்றோ ஏழை மாணவனும் உலக நூல்களை எட்டுகின்றான். இது பெரும்பேறே. ஆயினும், செலவுக்கு அஞ்சி யாம் பழகிய ஒழுக்கத்தை, செலவு நீங்கிய இக்காலத்தில் ஆசிரியரே பழக்குதல் வேண்டும். கணினித்துறை பயில வருவோரிடம் நிரலெழுதும் பழக்கம் குன்றியதைக் கண்டே, கேம்பிறிட்ஜ் அறிஞர் சிலர் முயன்று, ராஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினியை 2012இல் வெளிக்கொணர்ந்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நம் கல்லூரி செய்யத்தக்கன இரண்டு. மாணவர் தாம் அறிந்தது இது, அறியாதது இது எனத் தாளில் வகுத்தெழுதிய பின்னரே கருவியை வினவுதல் வேண்டும். அன்றியும், வாரத்தில் ஒரு பாடவேளையேனும் தாமே நிரலெழுதிப் பிழை திருத்தப் பழகுதல் வேண்டும். அதற்கு வேண்டிய சிறு கணினிகளை வழங்குதல் பழைய மாணவராகிய நம் கடன்.

விடையை இரவல் பெறலாம். வினாவோ அவரவர் உள்ளத்திலேயே முளைத்தல் வேண்டும். விழாக் கொண்டாடும் இவ்வேளையில் ஆசிரியப் பெருமக்களும் சங்கத்தாரும் இதனை ஆராய்வாராக.