கிழக்குக் கடற்கரைச் சாலை: கார் போக வழி இருக்கு, குடும்பம் தங்க இடம் எங்கே?

மூன்று நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தால் போதும், வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் விழுவது ‘ஈ.சி.ஆர். போலாமா?’ என்ற மெசேஜ்தான். டிக்கி நிறைய பை, பின் சீட்டில் தாத்தா பாட்டி, மடியில் குழந்தை. இப்போது இந்தப் பட்டியலில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: ஆன்லைனில் வாங்கிய டென்ட். கடலைப் பார்த்தபடி ஒரு ராத்திரி படுத்து, சூரியன் மேலே வரும்போது எழ வேண்டும் என்ற ஆசை.

ஆசையில் தப்பே இல்லை. ஆனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கரையை ஒட்டிப் போகும் ஒரு குடும்பத்துக்கு, நியாயமான கட்டணத்தில் பாதுகாப்பாக டென்ட் அடித்துத் தங்கும் பொது முகாம்கள் வழிநெடுக இல்லை. சாலையை அகலப்படுத்துகிறோம், டோல் வசூலிக்கிறோம். வண்டியை விட்டு இறங்கிய பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அந்த அலட்சியத்துக்கான விலையைப் பயணிகளும் மீனவர்களும் கடலாமைகளும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

வழியில் என்னதான் இருக்கிறது?

பலருக்கு ‘ஈ.சி.ஆர்.’ என்றால் புதுச்சேரி வரையிலான சுமார் 150 கி.மீ. மட்டும்தான். முட்டுக்காட்டில் படகு, மாமல்லபுரத்தில் செல்ஃபி, புதுச்சேரியில் காபி, அப்புறம் வீடு. நடுவில் முதலியார்குப்பம் காயல், கடப்பாக்கத்தில் இடிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை, மரக்காணம் உப்பளங்கள், 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த கழுவெளி ஏரி என்று எவ்வளவோ இருந்தும் எண்பதில் பறந்துவிடுகிறோம்.

புதுச்சேரிக்குத் தெற்கே போனால்தான் இந்தக் கரையின் முழு அழகும் தெரியும். பிச்சாவரம் அலையாத்திக் காடு. தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை. 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய வேதாரண்யம். அதைத் தாண்டினால் வெளிமான்கள் மேயும், குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும் கோடியக்கரை.

கோடியக்கரையில் கரை மேற்காகத் திரும்புகிறது. அதுவரை வங்காள விரிகுடா, அதன்பிறகு பாக் நீரிணை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைக் கடந்தால், சரபேந்திரராஜன்பட்டினத்தில் இரண்டாம் சரபோஜி கட்டிய எட்டு அடுக்கு மனோரா. இந்தப் பக்கத்துக் கடலில்தான் 2022-ல் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். பிறகு தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், தனுஷ்கோடி. அங்கிருந்து மன்னார் வளைகுடாவை ஒட்டி தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கடைசியில் கன்னியாகுமரி.

ஒரே பயணத்தில் மூன்று விதமான கடல். ஒன்று அலை அடிக்கும், ஒன்று ஏரி மாதிரி கிடக்கும், ஒன்று தீவுகளைச் சுமந்து நிற்கும். உலகத்தின் பேர்பெற்ற கடலோரச் சாலைகளோடு போட்டி போடக்கூடிய பாதை இது.

இருட்டியதும் என்ன நடக்கிறது?

பகலில் பிரச்சினை இல்லை. ஆறு மணிக்கு மேல் குடும்பத்துக்கு முன்னால் இருப்பவை மூன்றே வழிகள்.

முதலாவது, லாட்ஜ் அல்லது ரிசார்ட். மாமல்லபுரம், புதுச்சேரி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி போன்ற ஊர்களில் அறை கிடைக்கும். அவற்றுக்கு இடையிலுள்ள நீண்ட தூரத்தில் அறையும் குறைவு, சுத்தமான பெண்கள் கழிவறை அதைவிடக் குறைவு. ஆறு பேர் உள்ள குடும்பம் லாங் வீக்கெண்டில் கடல் பார்த்த ரிசார்ட்டில் தங்கினால் மாதச் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழும்.

இரண்டாவது, தனியார் டென்ட் முகாம். இன்ஸ்டாகிராமில் அழகாக இருக்கும். முகாம் நடத்துகிறவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழக அரசு விதி வகுத்திருக்கிறது. ஆனால் புக் செய்யும்போது ‘உங்க பதிவு எண் என்ன?’ என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

மூன்றாவது, ஆளில்லாத கரையில் நாமே டென்ட் அடிப்பது. இதுதான் ஆபத்து. ரோந்து வரும் போலீஸ் நள்ளிரவில் எழுப்பி அனுப்பினால், தூக்கக் கலக்கத்தில் குழந்தைகளோடு இருட்டுச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டும். யாரும் எழுப்பாவிட்டால், விளக்கும் ஆளும் இல்லாத கடலுக்குப் பக்கத்தில் விடியும்வரை இருக்க வேண்டும்.

கடலை நம்பலாமா?

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனது. அவர்கள் உயிரோடு திரும்பவில்லை. தென் கடலோரத்தில் ‘கள்ளக்கடல்’ வரலாம் என்ற எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல் கிளப்பும் நீண்ட அலைகள், நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. திடீரென்று கடல் ஏறி வரும். அதனால்தான் மீனவர்கள் அதற்குக் கள்ளன் என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொரு எமன், ரிப் கரண்ட் எனப்படும் உள்ளிழுக்கும் நீரோட்டம். கரைக்கு வந்த அலைத் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய பள்ளத்தின் வழியாக அது வேகமாகக் கடலுக்குள் ஓடுகிறது. இருபுறமும் நுரை பொங்க, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாக, சற்றுக் கருத்துத் தெரியும். ‘இங்கேதான் அலை இல்ல, குழந்தையை இறக்கலாம்’ என்று நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் ஒருவர் கரையில் நின்றால் போதும். ஆனால் நம் கடற்கரைகளில் பெரும்பாலானவற்றில் ‘குளிக்காதீர்’ என்ற போர்டுதான் நிற்கிறது. போர்டு யாரையும் காப்பாற்றாது.

அந்த மணல் யாருடையது?

நமக்கு ஆளில்லாத கரையாகத் தெரிவது பெரும்பாலும் ஒரு ஊரின் வேலை செய்யும் இடம். விடியற்காலையில் படகு தள்ளுவதும் கரைவலை இழுப்பதும் கருவாடு காயப்போடுவதும் அங்கேதான். அந்த இடத்தில் டென்ட் அடித்து, கேம்ப்ஃபயர் போட்டு, பாட்டில் உடைத்துவிட்டு வந்தால், காலையில் வெறுங்காலோடு படகு தள்ளுகிறவர்தான் அதை மிதிக்க வேண்டும். மீனவர் குடியிருப்புகளில் டூரிஸ்டுகள் மீது இருக்கும் எரிச்சலுக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது ஆமை. மீனவர்கள் ‘பங்குனி ஆமை’ என்று சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கரையேறி நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுப் போகும். சுமார் ஒன்றரை மாதத்தில் வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சம் தெரியும் திசைதான் கடல் என்று நம்பி நடக்கும். நம் டென்ட் விளக்கும் கார் ஹெட்லைட்டும் அவற்றைச் சாலைப் பக்கம் திருப்பிவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது இழுவலை. அதிலிருந்து தப்பி வரும் தாய் ஆமையின் முட்டையையாவது நாம் கெடுக்காமல் இருக்க வேண்டாமா?

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும். டென்டில் படுக்கத் தோதான மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. அவையேதான் ஆமையின் மாதங்களும். எல்லோரும் இஷ்டப்பட்ட இடத்தில் டென்ட் அடிக்கலாம் என்று விட முடியாததற்கு இதுவே போதுமான காரணம். ‘இங்கே அடி, அங்கே அடிக்காதே’ என்று சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டும்.

சட்டம் குறுக்கே நிற்கிறதா?

கடற்கரையில் எதையும் கட்ட முடியாது என்பதுதான் பொதுவான நினைப்பு. 2019-ம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அப்படிச் சொல்லவில்லை. கழிவறை, உடை மாற்றும் அறை, ஷவர், குடிநீர், நடைபாதை போன்ற தற்காலிகச் சுற்றுலா வசதிகளை, உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, சுற்றுலாத் திட்டத்துக்கு உட்பட்டு அமைக்க அது அனுமதிக்கிறது. கான்கிரீட் ரிசார்ட்டை விட, எடுத்து மடித்து வைக்கக்கூடிய டென்ட் முகாம்தான் இந்த விதியின் நோக்கத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

செய்து காட்டிய உதாரணமும் உள்ளூரிலேயே இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் கோவளம் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. தண்ணீரின் தரம், கழிவறை, உயிர்காப்பாளர், குப்பை மேலாண்மை என 33 அளவுகோல்களைத் தாண்டினால்தான் அது கிடைக்கும். ஒரு கரையில் முடிந்தது மற்ற கரைகளில் ஏன் முடியாது?

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்?

ஜப்பானில் 1993 முதல் ‘மிச்சி நோ எகி’ என்ற சாலையோர நிலையங்கள் இயங்குகின்றன. இன்று அவை ஆயிரத்துக்கும் மேல். இலவச பார்க்கிங், 24 மணி நேரக் கழிவறை, பக்கத்து ஊர் விளைபொருளும் மீனும் விற்கும் கடை. அது தங்கும் விடுதி அல்ல. களைத்துப்போன குடும்பம் மூச்சு வாங்க ஓர் இடம், ஊர்க்காரர்களுக்கு ஒரு வருமானம்.

நியூசிலாந்தில் 2011-ல் வந்த சட்டம் பொது நிலத்தில் முகாமிடுவதை முறைப்படுத்தியது. எங்கே கூடாது என்பதை உள்ளாட்சிகளே விதி போட்டுத் தீர்மானிக்கின்றன. மீறினால் அபராதம். எங்கே முடியும், எங்கே முடியாது என்பது கிளம்பும் முன்பே பயணிக்குத் தெரிந்துவிடுகிறது.

இங்கே என்ன செய்யலாம்?

முதல் கட்டமாகச் சென்னை முதல் கன்னியாகுமரி வரை, ஒரு நாளில் நிதானமாக ஓட்டும் தூரத்துக்கு ஒன்றாகச் சில பொது முகாம்கள் போதும். அலைக்கு எதிரே வேண்டாம். மணல்மேட்டுக்குப் பின்னால், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள அரசு நிலத்தில் வரட்டும். மணலைப் பிடித்து வைக்கும் அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த இடத்தைத் தொடவே கூடாது. கழிவறை, குடிநீர், கடல் பக்கம் ஒளி போகாதபடி மறைத்த விளக்கு, பகலில் உயிர்காப்பாளர், இரவில் காவல். இவ்வளவுதான் தேவை.

நடத்தும் பொறுப்பை அந்தந்த ஊர் மீனவர் கூட்டுறவு சங்கத்துக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் கொடுக்கலாம். கடலை அவர்களைவிட யார் அறிவார்? மீன்குழம்பு சமைத்துக் கொடுப்பதிலும் டென்ட் வாடகையிலும் கிடைக்கும் காசு ஊருக்குள்ளேயே நிற்கும். தன் ஊருக்கு வருமானம் தரும் கரையில் குப்பை போட யாரும் விடமாட்டார்கள்.

‘முகாம் வைத்தால் இன்னும் கூட்டம் வந்து கரை பாழாகும்’ என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் கூட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. அது கண்ட இடத்தில் இறங்குவதா, எண்ணிக்கை வரையறுத்த இடத்தில் இறங்குவதா என்பதே இப்போதுள்ள கேள்வி.

அதுவரை கிளம்புகிறவர்களுக்கு…

* இரவு தங்கும் இடத்தை முடிவு செய்யாமல் கிளம்பாதீர்கள். மாலை ஆறு மணிக்குள் அங்கே போய்ச் சேரும்படி திட்டமிடுங்கள். தனுஷ்கோடியில் மாலைக்குப் பிறகு இருக்க அனுமதி கிடையாது.
* தனியார் முகாம் என்றால் பதிவு எண், கழிவறைப் படம், கரையிலிருந்து தூரம் மூன்றையும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.
* ஊரை ஒட்டிய கரை என்றால் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். ‘இங்க இறங்கலாமாண்ணே?’ என்ற ஒரு கேள்வி, கடலைப் பற்றியும் சொல்லும், மரியாதையையும் காட்டும்.
* கிளம்பும் முன் இன்காய்ஸ் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். கள்ளக்கடல் என்றிருந்தால் அன்று தண்ணீர்ப் பக்கமே வேண்டாம்.
* நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கிப் போராடாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்து, பிறகு கரை சேருங்கள். காப்பாற்ற ஆளாளுக்குக் குதிக்காதீர்கள். மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள்.
* ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கடற்கரையில் வெளிச்சமும் நெருப்பும் வேண்டாம். மணலில் வண்டி ஏற்றவே கூடாது.
* போனில் சேமிக்க: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554.

பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவது ஆடம்பரம் அல்ல. ரிசார்ட் வாடகை கட்ட முடிந்தவர்களுக்கு மட்டும் பாதுகாப்பான இரவு, மற்றவர்களுக்கு இருட்டும் அதிர்ஷ்டமும் என்ற நிலை மாற வேண்டும். நான்கு வழிச் சாலைக்குக் கோடிகளை ஒதுக்கும் அரசு, அதில் ஒரு சிறு பங்கைக் கழிவறைக்கும் உயிர்காப்பாளருக்கும் ஒதுக்கட்டும். அடுத்த கோடை விடுமுறைக்குள் மூன்று இடங்களிலாவது தொடங்கிப் பார்க்கலாம்.