புள்ளிப்பட்டியலில் ஓர் இடம், விலைக்கு

கால்பந்தைப் பற்றி ஓரளவு படித்த நண்பர்களிடம்கூட ஒரு வாதம் வேரூன்றியிருக்கிறது. கழகம் என்பது சட்டத்தின் கண்ணில் ஒரு நிறுவனம். அதை வாங்கியவனுக்கு லீக்கில் அதன் இடம் சொந்தம். இடத்தோடு வரலாறும் சொந்தம். மேலோட்டத்தில் இது வெறும் வணிக நியாயம். உள்ளே இருப்பது வரலாறு யாருடையது என்ற கேள்வி. ஆகவே இலக்கிய வாசகர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

தென்மேற்கு லண்டனின் விம்பிள்டன் கழகம் 1889-இல் தோன்றியது. 88 ஆண்டுகள் லீக்கிற்கு வெளியே ஆடிய பின் 1977-இல்தான் உள்ளே சேர்த்துக்கொள்ளப்பட்டது. 1982-83 பருவத்தில் நான்காம் பிரிவில் இருந்த அணி 1986-இல் முதற்பிரிவை எட்டியது. அங்கே முதல் பருவத்திலேயே ஆறாமிடம். 1988 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் லிவர்பூலை 1-0 என்று வென்றது. கோலடித்தவர் லாரி சான்செஸ். ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை டேவ் பெஸன்ட் தடுத்தார். வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டமொன்றில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதன்முறை.

சரிவு மைதானத்தில் தொடங்கியது. 1991-இல் ப்ளவ் லேனை விட்டுக் கிறிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம். 2000-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறக்கம். அதன்பின் உரிமையாளர்களின் கண் வடக்கே போயிற்று. 1967-இல் புதுநகராக அறிவிக்கப்பட்ட மில்டன் கீன்ஸுக்கு ஒரு லீக் கழகம் தேவைப்பட்டது. மற்ற ஊர்களைப் போல அடித்தட்டிலிருந்து ஏறிவரப் பொறுமையில்லை. 2002 மே 28-இல் மூவர் ஆணையம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இடப்பெயர்வுக்கு அனுமதி தந்தது. சாம்பலிலிருந்து புதிய கழகத்தை எழுப்ப நினைக்கும் ரசிகர்களின் எண்ணம் கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததன்று என்றும் அந்தத் தீர்ப்பு கருதியது. நூற்றாண்டைத் தாண்டிய கழகம் ஒன்றை ஊர்விட்டு ஊர் தூக்கிச் செல்வது பரந்த நலன். அந்த ஊர்க்காரன் தன் கழகத்தை மீண்டும் கட்டுவது நலக்கேடு! இப்படியொரு வாக்கியத்தை எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

நலக்கேடு செய்தவர்கள் விம்பிள்டன் காமனில் தேர்வு நடத்தி ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்கள். 2002 ஜூலை 10-இல் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் முதல் ஆட்டத்தில் சட்டன் யுனைடெடிடம் 4-0 என்று தோற்றது. அந்தத் தோல்வியைப் பார்க்க 4,657 பேர் வந்திருந்தார்கள். கம்பைன்ட் கவுன்டீஸ் லீக் என்ற அடித்தட்டில் தொடங்கி, 2003 பிப்ரவரிக்கும் 2004 டிசம்பருக்கும் இடையே 78 லீக் ஆட்டங்களில் தோல்வியே காணாமல், ஒன்பது பருவங்களில் ஐந்து முறை பதவி உயர்ந்து, 2011-இல் லூட்டன் டவுனைப் பெனால்டிகளில் வென்று லீக்கிற்குள் நுழைந்தது. 2020 நவம்பரில் ப்ளவ் லேனிலேயே புதிய மைதானம் கட்டித் திரும்பியது.

விலைக்கு வாங்கிய இடம் என்னவாயிற்று? 2003 செப்டம்பரில் மில்டன் கீன்ஸுக்குப் போன அணி அந்தப் பருவத்திலேயே பட்டியலின் கடைசியில் கிடந்து இறங்கியது. 2004-இல் பெயர் எம்.கே. டான்ஸ் ஆயிற்று.

ஆர்சனலும் 1913-இல் இடம் மாறவில்லையா என்பார்கள். மாறியது, ஆனால் லண்டனுக்குள்ளேயே. ஆர்சனலைச் சொல்வதானால் 1919-ஐச் சொல்லியிருக்க வேண்டும். முதற்பிரிவு விரிவாக்கப்பட்டபோது, போருக்கு முந்தைய பட்டியலில் இரண்டாம் பிரிவின் ஆறாமிடத்தில் காட்டப்பட்டிருந்த ஆர்சனலை, முதற்பிரிவில் கடைசியாக வந்த டாட்டன்ஹாமுக்கு எதிராக 18-8 வாக்குகளில் மேலே தூக்கிவைத்தார்கள். பட்டியல் தெய்வ வாக்கன்று, மனிதர் கைபடுவது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இந்த உதாரணம் என் கட்சிக்குத்தான் வலுச் சேர்க்கிறது. ஒரு வரிசையெண்ணைக் கூட்டம் கூடி வாக்களித்து மாற்றலாம் என்றால், அந்த எண்ணுக்குள்தான் கழகத்தின் உயிர் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஓலைச்சுவடியை விலை கொடுத்து வாங்கியவன் பாடலை எழுதியவனாகிவிடுவதில்லை.

வாங்கியவர்களே இதை ஒருவாறு ஒப்புக்கொண்டார்கள். 1988 கோப்பையின் பிரதி உள்ளிட்ட பழைய நினைவுப்பொருட்களை 2007-இல் விம்பிள்டன் அமைந்துள்ள மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். தங்கள் வரலாறு 2004-இல் தொடங்குவதாகவும் ஏற்றார்கள். அதன்பின் அவர்கள் ஈட்டியதை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2014 ஆகஸ்டில் லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெடை 4-0 என்று வீழ்த்தியது முழுக்க அவர்களுடையது. அந்த ஊரில் அதைப் பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு 2002-இன் பழியில் பங்கில்லை.

ஆனால் பெயரில் இன்னும் கணக்குத் தீரவில்லை. 'டான்ஸ்' என்பது விம்பிள்டன் என்ற சொல்லின் ஈற்றிலிருந்து பிறந்த செல்லப்பெயர். மில்டன் கீன்ஸ் என்று எத்தனை முறை உச்சரித்தாலும் அதில் அந்த ஈறு கிடைக்காது. 2017-இல் தங்கள் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில் எதிரணியின் முழுப்பெயரைப் பயன்படுத்தவில்லை என்று விம்பிள்டன்காரர்கள்மீது லீக் நிர்வாகம் குற்றம் சாட்டியது. பிறகு அதைக் கைவிட்டது. பறிகொடுத்தவன் பறித்தவனைத் தன் பெயராலேயே அழைக்க வேண்டுமாம். கோப்பையின் பிரதியையே திருப்பித் தந்தவர்களுக்கு இந்த மூன்றெழுத்தைத் தருவதில் என்ன தயக்கம்?